‘குடும்பத்தில் யாருக்காவது உண்டா?’ – வாசகர் கேள்வி பதில்

தத்தெடுத்த குழந்தைகளின் பிடிபடாத உடல்நலக் குறைகள் பற்றி வந்த கடிதங்களில் சில இங்கே.

கேள்வி: எங்கள் மகளுக்கு ஆறு வயது. கைக்குழந்தையாகத் தத்தெடுத்தோம். ஒரு வருடமாக அடிக்கடி வயிற்றுவலி, சோர்வு. எடை ஏற மாட்டேன் என்கிறது. பார்க்கிற டாக்டரெல்லாம் ‘குடும்பத்தில் யாருக்காவது உண்டா?’ என்கிறார்கள். ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறோம். ரத்தப் பரிசோதனையெல்லாம் நார்மலாம். இனி என்ன செய்வது?

பதில்: அந்த ‘இல்லை’யை முதலில் நிறுத்துங்கள். விசாரித்துப் பார்த்தாயிற்று, யாருக்கும் கிடையாது என்றுதான் டாக்டர் எடுத்துக்கொள்வார். பரம்பரை நோய்கள் அவர் யோசனையில் பின்னுக்குப் போய்விடும். ‘தத்தெடுத்த குழந்தை, பெற்றவர்களின் உடல்நல விவரம் தெரியாது’ என்று சொல்லி, அப்படியே ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். பழைய ஃபைலில் ‘இல்லை’ என்று ஏறியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதுவது எங்கும் உள்ள வழக்கம். குழந்தையை வைத்துக்கொண்டு பேசத் தயக்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.

அடுத்து, ரிப்போர்ட்டுகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். எதையெல்லாம் சோதித்தார்கள், எதைச் சோதிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரியும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். அதற்கு ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும் நாளில் ஃபெரிட்டின் தானாக உயரும் என்பதால் கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் பார்ப்பது நல்லது. சிவப்பணுக்கள் அளவில் சிறுத்திருந்தும் இரும்புச் சத்து குறையவில்லை என்றால், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கூறு இருக்கிறதா என்று ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் சோதனை தேவை. பெற்றோரின் ரத்தத்தைப் பார்த்து இதை ஊகிக்கும் குறுக்கு வழி உங்களுக்கு இல்லை. இரும்புச் சத்து குறைவாக இருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்தால் கூறு மறைந்துவிடக்கூடும். குறையைச் சரிசெய்த பிறகு செய்யுங்கள்.

எடை ஏறாமல் வயிறும் வலிக்கிறது என்பதால் சீலியாக் நோயைக் கட்டாயம் கேளுங்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய் இது. டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையுடன் மொத்த ஐ.ஜி.ஏ. (ஒருவகை எதிர்ப்பொருள்) அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உடலில் ஐ.ஜி.ஏ. குறைவாக உள்ள குழந்தைக்கு நோய் இருந்தும் முதல் சோதனை ‘இல்லை’ என்றே வரும். ‘எதற்கும் கோதுமையை நிறுத்திப் பார்ப்போம்’ என்று நீங்களாகவே ஆரம்பித்துவிட்டால் அதற்கப்புறம் எடுக்கும் சோதனைக்கு அர்த்தமில்லை. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் எல்லா நாளும் மலத்தில் தென்படாது. வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுங்கள்.

வளர்ச்சி அட்டையில் கிடைத்த எடை, உயரம் எல்லாவற்றையும் புள்ளி வைத்துப் பாருங்கள். முதலில் எடை இறங்கி, பிறகு உயரம் தேங்கினால் குடல், உணவு, நாள்பட்ட நோய் பக்கம் தேட வேண்டும். எடை இருக்க, உயரம் மட்டும் நின்றுபோனால் தைராய்டு முதலான ஹார்மோன்களைப் பார்க்க வேண்டும். வலி தொப்புளை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் வருவது, தூக்கத்திலிருந்து எழுப்புவது, மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, மூட்டு வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ‘பள்ளிக்குப் போக அடம்’ என்ற விளக்கத்தை ஏற்காதீர்கள்.

கேள்வி: தத்து கொடுத்த அமைப்பிடம் என்ன கேட்கலாம்? ‘எங்களிடம் எதுவும் இல்லை’ என்றே பதில் வருகிறது.

பதில்: ‘மருத்துவ விவரம் வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் அப்படித்தான் வரும். சிறு சிறு கேள்விகளாக எழுத்தில் கேளுங்கள்: பிறந்தபோது எடை, தலைச் சுற்றளவு, எத்தனை வாரத்தில் பிரசவம், குதிகாலில் ரத்தம் எடுத்துச் செய்யும் பிறவிச் சோதனை நடந்ததா, தாயின் வயது, கர்ப்பத்தில் மது அல்லது போதைமருந்துப் பழக்கம், பெற்றோர் ஒருவருக்கொருவர் உறவா, உடன்பிறந்தோர் யாராவது சிறு வயதில் இறந்தார்களா. கடைசி இரண்டும்தான் மரபியல் டாக்டருக்குப் பெரிய துப்பு. பெற்ற தாயின் பெயரோ முகவரியோ வேண்டாம், விடை மட்டும் போதும் என்று கடிதத்திலேயே சொல்லிவிட்டால் தயக்கம் குறையும்.

கிடைக்கும் பழைய ரிப்போர்ட்டையும் தேதி பார்த்தே நம்புங்கள். தாயிடமிருந்து வந்த எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கும். அந்த வயதுக்குள் ‘பாசிட்டிவ்’ என்று வந்தது குழந்தையின் தொற்றாக இல்லாமலும் போகலாம்; வைரஸையே தேடும் பி.சி.ஆர். சோதனைதான் முடிவு சொல்லும்.

கேள்வி: நான்கு வயது மகன். காய்ச்சல் வந்து ஒருவேளை சாப்பிடாவிட்டால் போதும், வாந்தி எடுத்துத் துவண்டுவிடுகிறான். ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றினால் சரியாகிவிடுகிறான். மறுநாள் எடுக்கும் ரத்தத்தில் ஒன்றுமே இல்லை.

பதில்: மறுநாள் இருக்காது. உணவை எரித்துச் சக்தியாக்கும் வேலையில் பிறவிக் கோளாறு இருக்கும் குழந்தைகளில் சிலர் நன்றாக இருக்கும்போது எல்லாச் சோதனையிலும் தேறிவிடுவார்கள். குளுக்கோஸ் உள்ளே போன சிறிது நேரத்திலேயே தடயம் கலையத் தொடங்கும். எனவே துவண்ட நிலையில், ட்ரிப்புக்காக ஊசி குத்தும்போதே அதே ஊசியில் ரத்தம் எடுக்க வேண்டும்: சர்க்கரை, கீட்டோன், லாக்டேட், அம்மோனியா, அசைல்கார்னிட்டின், இன்சுலின், கார்ட்டிசால். அதற்குப் பிறகு கழிக்கும் முதல் சிறுநீரைப் பிடித்து, ஆர்கானிக் அமிலச் சோதனைக்காக உறைய வைக்க வேண்டும். ரத்தம் வரத் தாமதமானால் அதற்காகக் குளுக்கோஸை நிறுத்தி வைக்கக் கூடாது.

அம்மோனியாவில்தான் அதிகம் சொதப்பும். கையை வெகுநேரம் இறுக்கிக் கட்டினாலும், மாதிரியை ஐஸில் வைக்காமல் மேசையில் விட்டுவிட்டாலும் பொய்யாக உயரும். 15 நிமிடத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். லாக்டேட்டும் குழந்தை திமிறி அழுதால் ஏறும். சர்க்கரை இறங்கியிருந்தும், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் ஏறவில்லை என்றால், கொழுப்பைச் சக்தியாக மாற்ற முடியாத நோய் ஒரு காரணமாக இருக்கலாம். இன்சுலின் மிகையும் இருக்கலாம்.

நள்ளிரவில் டியூட்டியில் இருப்பவருக்கு இதெல்லாம் நினைவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குழந்தையின் டாக்டரிடம் இப்போதே ஒரு பக்கக் கடிதம் வாங்கிப் பையில் வையுங்கள்: என்ன எடுக்க வேண்டும், என்ன ஏற்ற வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும். வீட்டில் பட்டினி போட்டுச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எக்ஸோம் என்ற மரபணுச் சோதனைக்கு அப்பா, அம்மா ரத்தமும் கேட்கிறார்கள். எங்கள் ரத்தம் பயன்படுமா?

பதில்: பயன்படாது, குழப்பவும் செய்யும். குழந்தையிடம் காணும் ஒரு மாற்றம் பெற்றோரிடமும் உள்ளதா, புதிதாக வந்ததா என்று ஒப்பிடத்தான் மூவர் மாதிரி. ‘தத்துக் குழந்தை, ஒற்றை மாதிரி’ என்று படிவத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஒப்பீடு இல்லாததால் ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்ற வரிகள் உங்கள் ரிப்போர்ட்டில் கூடுதலாக வரும். அது நோயின் பெயர் அல்ல. அதை வைத்துச் சிகிச்சை தொடங்கவும் கூடாது. ஓரிரு ஆண்டு கழித்து அதே தரவை மறுஆய்வு செய்யச் சொல்லுங்கள், புதிய ரத்தம் தேவைப்படாது.

எக்ஸோம் பார்ப்பது மரபணுத் தொகுதியில் புரதம் செய்யும் பகுதியை, சுமார் 1 முதல் 2 சதவீதத்தை மட்டும். அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு போன்றவற்றுக்குத் தனிச் சோதனை. பேச்சோ அறிவு வளர்ச்சியோ பின்தங்கிய குழந்தைக்கு அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் இன்னொரு முடிவு இருக்கிறது. வளர்ந்தபின் வரக்கூடிய நோய்களின் அபாயம், பெற்றவர்கள் நெருங்கிய உறவினர் என்ற தகவல் ஆகியவையும் வெளிப்படலாம். தத்துக் குழந்தைக்கும் மற்ற குழந்தைக்கும் ஒரே அளவுகோல், சிறு வயதில் பலன் தரும் சோதனை மட்டும் போதும் என்று அமெரிக்காவின் இரு மரபியல் அமைப்புகள் 2000-ஆம் ஆண்டிலேயே கூட்டாக அறிவித்தன. மற்றதை அந்தப் பிள்ளை பெரியவனாகி முடிவு செய்யட்டும்.

கேள்வி: தபாலில் வரும் டி.என்.ஏ. கிட் வாங்கிப் பார்க்கலாமா?

பதில்: நோயைக் கண்டுபிடிப்பதற்காக என்றால் வாங்க வேண்டாம்.

கேள்வி: மகள் அவ்வப்போது வெறித்துப் பார்த்தபடி நின்றுவிடுகிறாள். ‘சின்ன வயதில் பட்ட கஷ்டம், அப்படித்தான் இருக்கும்’ என்கிறார்கள்.

பதில்: இருக்கலாம். ஆனால் செவி, பார்வை, தூக்கம், வலிப்பு நான்கையும் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது. அடுத்த முறை நிற்கும்போது செல்போனில் படம் எடுங்கள். முகத்தில் வெளிச்சம் படட்டும், கை கால் முழுவதும் தெரியட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளைத் தொடுங்கள். திரும்பிப் பார்க்கிறாளா என்பதுதான் டாக்டருக்கு வேண்டியது. தெளிந்த பிறகும் ஒரு நிமிடம் ஓடட்டும். கை கால் உதறி, ஐந்து நிமிடம் ஆகியும் அடங்கவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.