மாத்திரை போட்டும் திரும்பி வரும் கீரிப்பூச்சி

கேள்வி: என் 5 வயது மகள் ராத்திரியானால் ஆசனவாயில் அரிக்கிறது என்று அழுகிறாள். பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், அடங்கியது. ஒரு மாதத்தில் மறுபடியும் அதே அரிப்பு. இனிப்பை நிறுத்திப் பார்த்தாயிற்று. ஆச்சி விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கச் சொல்கிறார். என்ன செய்வது? - ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: அறிகுறி கீரிப்பூச்சியைத்தான் காட்டுகிறது. குழந்தை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை நூல் துண்டுபோல, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் நெளியும். பெண் புழு ராத்திரியில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதனால்தான் அரிப்பு. மலப் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. காலையில் கால் கழுவுவதற்கு முன் கண்ணாடி டேப்பை அந்த இடத்தில் ஒட்டியெடுத்து, லேபில் கொடுத்துப் பார்க்கலாம்.

மாத்திரை வேலை செய்யாமல் இல்லை. அல்பெண்டசோல் என்ற அந்தப் பூச்சி மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. சொறிந்த நகத்தில் ஏறிய முட்டை சில மணி நேரத்திலேயே தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். விரல் வாய்க்குப் போனால் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். பள்ளியில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுப்பது முக்கியமாக மண்வழிப் புழுக்களுக்காக. கீரிப்பூச்சிக்கு அந்த ஒரு தடவை போதாது.

இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம் (மாத்திரை ஒன்று, திரவ மருந்தென்றால் 10 மில்லி). ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் அதில் பாதி. நன்றாக மென்று விழுங்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குப் பொடித்துத் தண்ணீரில் கொடுங்கள். சரியாக இரண்டு வாரம் கழித்து அதே அளவு இன்னொரு தடவை. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். அரிப்பே இல்லாத அப்பா, அண்ணன், ஆச்சி உட்பட வீட்டில் எல்லோரும் அதே இரண்டு நாளில் சாப்பிட வேண்டும். கர்ப்பிணியும் ஒரு வயதாகாத குழந்தையும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

மருந்து பாதி, வீட்டு வேலை பாதி. அந்த இரண்டு வாரமும் குளியல் காலையில்தான். ராத்திரி இட்ட முட்டை அதோடு போய்விடும். நகத்தை ஒட்ட வெட்டி, இறுக்கமான ஜட்டி போட்டுப் படுக்க வையுங்கள், தினமும் மாற்றுங்கள். ஜட்டியையும் போர்வையையும் உதறாதீர்கள், முட்டை பறந்து எல்லோர் மேலும் படியும். அப்படியே சுருட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். பத்தமடைப் பாயை வெந்நீரில் முக்க முடியாது. ஈரத்துணியால் துடைத்து, தட்டட்டியில் (மொட்டை மாடியில்) நல்ல வெயிலில் காயவையுங்கள். தூசி கிளம்பப் பெருக்காமல் ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள். பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாயில் படுப்பதும் அப்போதைக்கு வேண்டாம்.

இனிப்பு பூச்சியை உண்டாக்காது, பாவம் அல்வா மேல் பழி போட வேண்டாம். விளக்கெண்ணெய் பேதிதான் ஆக்கும், வெளியே ஒட்டிய முட்டையைத் தொடாது. சின்னக் குழந்தைக்கு நீர்ச்சத்து குறைந்துபோகும். ஆச்சியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பெண் குழந்தைகளுக்குப் புழு முன்பக்கம் ஏறி எரிச்சல், வெள்ளைப்படுதல் வரலாம், அப்படியானால் டாக்டரிடம் காட்டுங்கள். வெறுங்காலோடு வாழைத்தோட்டத்திலும் வயலிலும் திரிகிற பிள்ளை வெளுத்துச் சோர்ந்திருந்தால் அது வேறு கதை: மண்ணிலிருந்து பாதம் வழியே ஏறி ரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழுவாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும்.