எவரெஸ்ட் உச்சியில் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் எப்படி வந்தன?

ஒரு காலத்தில் கடல் அவ்வளவு உயரம் ஏறியதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, ஏறியது கடல் அல்ல, அதன் தரை.

உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழம் குறைந்த கடலில் ட்ரைலோபைட், கடல் அல்லி போன்ற கடல் விலங்குகளின் ஓடுகளும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து, மேலே சேர்ந்த சுமையில் இறுகிக் கல்லாகிவிட்டன. அப்புறம், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கே நகர்ந்த இந்தியத் தட்டு (இந்தியாவைச் சுமக்கும் பூமியோட்டின் பெரும் துண்டு) ஆசியாவோடு மோதியது. இரண்டுமே கனம் குறைந்த கண்டப் பாறை என்பதால் எதுவும் எளிதில் அடியில் அமிழவில்லை. அந்தப் பழைய கடல்தரைப் பாறையும் நசுங்கி, மடிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி 8,849 மீட்டர் வரை போய்விட்டது. தள்ளல் இன்னும் நின்றபாடில்லை.

சரி, அப்படியானால் மலை ஏன் முடிவில்லாமல் வளரவில்லை? விரிசலில் புகும் நீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரிந்து பாறையைப் பிளக்கிறது, பனியாறுகள் சுரண்டுகின்றன, மிச்சத்தை ஆறுகள் அள்ளிப்போகின்றன (எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்). கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த வண்டல், வங்கக் கடலடியில் சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவி, அடுத்த பாறையாக இறுகிக்கொண்டிருக்கிறது.