கவென்ட்ரியில் இரண்டாவது கிறிஸ்துமஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் தென்காசிப் பக்கம். போன வருடம் எம்.எஸ்ஸி. படிக்க இங்கிலாந்தில் இருக்கிற கவென்ட்ரிக்கு வந்தேன். படிப்பு முடிந்து இப்போது ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே வேறு வேலை தேடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு வீட்டிலிருந்த நான்கு பேரும் கிளம்பிப் போய்விட்டார்கள். மூன்று நாள் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. அம்மாவிடம் நண்பர்களோடு ஸ்காட்லாந்து வந்திருக்கிறேன், சிக்னல் இல்லை என்று பொய் சொன்னேன். வகுப்பில் தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற இங்கிலீஷ்காரப் பையன் ஒருவன், நான் தனியாகத்தான் இருப்பேன் என்று தெரிந்தும் வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அன்று ராத்திரி அவன் குடும்பத்தோடு சாப்பிடும் படத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். இந்த ஊர்க்காரர்களுக்கு மனசே சின்னது அக்கா. இந்த வருடமும் அந்த நாள் வருகிறது. என்ன செய்ய?

ச.

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் பையனை விட்டுவிடுங்கள். அவன் உங்களை வேண்டாம் என்று நினைத்திருக்க மாட்டான், கூப்பிடலாம் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது. இங்கே கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு வீட்டு ஆட்களுக்கு உள்ளது, பாட்டி வீட்டுக்கா அப்பா வீட்டுக்கா என்று அதற்குள்ளேயே ஆயிரம் பஞ்சாயத்து ஓடும். நம் ஊரில் மட்டும் என்ன செய்கிறோம்? தீபாவளி அன்று சென்னையில் மெஸ் எல்லாம் சாத்தியிருக்க, கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் பையன்கள் பன்னும் டீயுமாக நாளை ஓட்டுகிறார்கள். நல்ல மனசு உள்ள வீடுகளில்கூட பலகாரம் பொட்டலமாகத்தான் கை மாறும். உள்ளே வா, இலை போடுகிறேன் என்று எத்தனை வீட்டில் சொல்கிறார்கள்?

உங்களைப் படுத்தியதில் ஊர் அடைத்துக் கிடந்ததற்கும் பாதிப் பங்கு உண்டு. 25-ம் தேதி ரயில் கிடையாது. லண்டனிலேயே பாதாள ரயிலும் பேருந்தும் அன்றைக்கு ஓடாது. பெரிய கடைகள், அதாவது 280 சதுர மீட்டருக்கு மேற்பட்டவை, அன்று திறக்கக் கூடாது என்று 2004-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு இருட்டிவிடும். வந்த முதல் வருடம் இதெல்லாம் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஊரே ஒதுக்கிவைத்த மாதிரி இருக்கும், ஆனால் உண்மையில் யாருமே எங்கேயும் போக முடியாமல் அவரவர் இருந்த இடத்தில் இருக்கிறார்கள்.

அதனால் அன்றைக்கு உங்களுக்கு அமையப்போகும் துணை நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஆளாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் கார் வைத்திருக்கிற யாராவது வந்து கூட்டிப்போக வேண்டும். பர்மிங்காமில் இருக்கிற நெருங்கிய நண்பனைவிட அன்றைக்கு உங்கள் தெருவில் இருக்கிற முகம் தெரியாத ஆள் பயன்படுவார். யார் இருக்கிறார்கள் என்று இப்போதே கண்ணைத் திறந்து பாருங்கள். கிடங்கில் உங்கள் ஷிப்டில் வேலை பார்க்கிறவர்கள், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற மலையாளிகள், டிக்கெட் விலை பார்த்து ஊருக்குப் போகாமல் இருக்கிற நைஜீரியப் பையன், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிற கிழவர். இவர்கள் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள், ஏனென்றால் எல்லோரும் உங்களைப் போலவே யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். நீங்கள்தான் கூப்பிட வேண்டும். உங்கள் கடிதம் முழுக்க யார் அழைக்கவில்லை என்பதுதான் இருக்கிறது, நீங்கள் யாரை அழைத்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. குறையாகச் சொல்லவில்லை தம்பி, வெளியூரில் வந்து ஒண்டியிருக்கிறவனுக்குத் தானும் ஒரு வீட்டுக்காரன் என்பது சட்டென்று தோன்றாது. ஆனால் அந்த மூன்று நாளும் அந்த வீடு முழுக்க உங்களுடையதாக இருந்தது, அடுப்பு உட்பட.

நான் ரீடிங் என்கிற ஊரில் இருந்தபோது ஒரு கிறிஸ்துமஸ் அன்று பால் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் நடத்தும் கடை. கல்லாவுக்குப் பின்னால் சின்ன ஹீட்டர், கவிழ்த்துப் போட்ட பால் கிரேட் மேல் ஒரு பிளாஸ்க். 'தங்கச்சி தனியவோ நிக்கிறீங்கள்? இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்' என்றார். அவர் குடும்பம் வீட்டில் இருந்தது, அவர் காலையிலிருந்து கடையில் தனியாக. அரை மணி நேரத்துக்குள் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி பூனைக்குத் தீனி வாங்க வந்தார், வாங்கிய பிறகும் போகவில்லை, பூனையின் முழங்கால் வலி வரைக்கும் சொல்லிக்கொண்டு நின்றார். அவர் போனதும், ஒவ்வொரு வருடமும் இதே நாளில் வருவார், வீட்டில் தீனி மூட்டையாகக் கிடக்கும் என்றார் அண்ணர். இந்த நாட்டில் எனக்கு நெருக்கமானவர்களில் பாதிப் பேர் அந்தக் கடை வழியாக வந்தவர்கள்தான். உங்கள் ஏரியாவிலும் இப்படித் திறந்திருக்கிற சின்னக் கடை ஒன்று இருக்கும், போய்ப் பேச்சுக் கொடுங்கள்.

அழைப்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் அக்கம்பக்கத்து வீட்டுக் கதவு இடுக்கில் கிறிஸ்துமஸ் கார்டு போடுவது இங்கே சாதாரணம், முன்பின் தெரியாதவர் போட்டாலும் யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள். பத்துக் கார்டு வாங்கி, 'இத்தனாம் நம்பர் வீட்டில் இருக்கிறேன், 25-ம் தேதி மதியம் ஒரு மணிக்குப் பிரியாணி செய்கிறேன், தனியாக இருந்தால் வாருங்கள்' என்று கையால் எழுதிப் போடுங்கள். இரண்டு பேர் வந்தால் போதும்.

யாரும் வரவில்லை என்றாலும் அறைக்குள் அடையாதீர்கள். கவென்ட்ரியில் சீக்கியர்களின் குருத்வாராக்கள் இருக்கின்றன, அங்கே லங்கர் என்கிற இலவசப் பந்தியில் யார் என்ன என்று கேட்காமல் சோறு போடுவார்கள். பரிமாற ஆள் தேவையா என்று கேட்டுப் பாருங்கள், சாப்பிட மட்டும் போகிறவனைவிட வாளி தூக்குகிறவனுக்குச் சீக்கிரம் பழக்கம் கிடைக்கும். பல ஊர்களில் கிறிஸ்துமஸ் காலையிலும் பார்க்ரன் என்கிற கூட்டு ஓட்டம் நடத்துகிறார்கள், இலவசம், ஐந்து கிலோமீட்டரை ஓட வேண்டாம், நடந்தாலே போதும். அப்புறம் உங்கள் ஊர்ப் பேராலயம். 1940 நவம்பர் 14 ராத்திரி ஜெர்மன் குண்டுவீச்சில் அது எரிந்துபோனது. அடுத்த மாதமே, கிறிஸ்துமஸ் அன்று, அந்த இடிபாடுகளுக்குள்ளிருந்து அதன் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்ட் வானொலியில் பேசினார், பழிவாங்கும் எண்ணத்தை விடுவோம் என்று. மனசு சின்னது என்று எழுதினீர்களே, அந்த ஊர்தான் இது. 24 ராத்திரி வழிபாட்டுக்கு மதம் பார்க்காமல் யாரும் போகலாம், ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கஷ்டமாகத்தான் இருக்கும், வந்தவர்கள் போன பிறகு இன்னும் கொஞ்சம் கூட. மனசு தாங்கவில்லை என்றால் 116 123-க்குப் போன் போடுங்கள், மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கிற சமாரிட்டன்ஸ் அமைப்பு அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. அம்மாவிடம் இந்த முறை உண்மையைச் சொல்லுங்கள். பிரியாணிக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்க எப்படியும் அவரைத்தானே கூப்பிடப் போகிறீர்கள்.

வருகிறவர்களுக்கு ஹலால் வேண்டுமா, சைவமா என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள். 24-ம் தேதி சாயங்காலமே கடைகளைச் சாத்த ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் கோழியை 23-ம் தேதியே வாங்கி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா