ஆடியவர்கள் குறை வைக்கவில்லை: 2025 விளையாட்டுக் கேள்வி பதில்

2025இல் விளையாட்டைப் பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசி கிரிக்கெட்தான். மற்றவற்றுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

சேலம் வாசகர்: இங்கிலாந்துத் தொடரின் ஐந்தாவது ஆட்டமான ஓவல் டெஸ்டில், அவர்களின் புரூக் கொடுத்த கேட்சைப் பிடித்துவிட்டு எல்லைக் கோட்டை மிதித்தவர் சிராஜ். தொடரில் 754 ரன் அடித்தவர் கில். அப்படியிருக்க சிராஜை மட்டும் ஏன் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள், அண்ணே?

தம்பி, கில்லின் 754 ரன்னை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பும்ரா மூன்று டெஸ்ட்தான் ஆடுவார் என்று தொடருக்கு முன்பே முடிவாகிவிட்டது. ஐந்திலும் ஆடியவர் சிராஜ்: 185.3 ஓவர், 23 விக்கெட். நாம் ஜெயித்த பர்மிங்ஹாம், ஓவல் இரண்டு டெஸ்டிலும் பும்ரா இல்லை.

19 ரன்னில் தப்பிய புரூக் 111 அடித்தார், உண்மை. அந்தத் தவறோடுதான் சிராஜ் கடைசி நாள் காலையில் பந்தை வாங்கினார். இங்கிலாந்துக்குத் தேவை 35 ரன், கையில் 4 விக்கெட். அதில் மூன்றை அவரே எடுத்தார். காயம்பட்ட ஒரு கையைத் துணிக்கட்டில் தொங்கவிட்டபடி வோக்ஸ் எதிர்முனையில் நிற்க, அட்கின்சனின் ஆஃப் ஸ்டம்பை யார்க்கரில் சாய்த்தபோது வித்தியாசம் 6 ரன். ஆறு வாரமாக ஓடி ஓடி வீசிய உடம்பில் அந்த வேகம் மிச்சமிருந்ததே, அதற்காகத்தான் கொண்டாடுகிறேன்.

கோவை வாசகி: மகளிர் உலகக் கோப்பையை இறுதிப் போட்டியில்தானே வென்றோம்? எல்லோரும் அரையிறுதியைப் பற்றியே பேசுகிறார்களே?

நானும் அரையிறுதியைத்தான் சொல்வேன். ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 339. பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை யாரும் துரத்திப் பிடிக்காத எண். ஜெமிமா அதே தொடரில் இரண்டு முறை பூஜ்யத்தில் அவுட்டாகி, இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் வெளியே உட்கார வைக்கப்பட்டவர். மூன்றாவதாக இறங்க வேண்டும் என்பதே சில நிமிடங்களுக்கு முன்புதான் தெரியும் என்று பின்னர் சொன்னார். அடித்தது 127, கடைசிவரை அவுட் இல்லை. ஆட்டம் முடிந்து, தொடர் முழுக்க மனப்பதற்றத்தில் அழுதுகொண்டிருந்ததை மைக் முன்னால் அழுதபடியே சொன்னார். இந்திய வீரர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்கிறது?

இறுதிப் போட்டியில் ஷஃபாலியின் 87, தீப்தியின் அரைசதமும் ஐந்து விக்கெட்டும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஆறாத விஷயம் வேறு. தொடரில் 308 ரன் எடுத்து, காயத்தால் பட்டியலிலிருந்து விலகிய பிரதிகா ராவல் சக்கர நாற்காலியில் வந்து கொண்டாடினார். பட்டியலில் இருக்கும் 15 பேருக்குத்தான் பதக்கம் என்ற விதியால் மேடையில் அவருக்குப் பதக்கம் இல்லை. கூடுதலாக ஒரு பதக்கம் செய்து வைக்க எவ்வளவு செலவாகியிருக்கும்?

பெங்களூரிலிருந்து ஒருவர்: 18 வருஷம் காத்திருந்த ஆர்சிபி ரசிகன் சார் நான். ஐபிஎல் கோப்பையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதக்கூடாதா?

எழுதலாம். பஞ்சாபை 6 ரன்னில் வென்றது நியாயமான வெற்றி. முதல் சீசனிலிருந்து ஒரே அணியில் நின்ற கோலி, கடைசி ஓவர் முடியும் முன்பே கண் கலங்கியதைப் பார்த்து நானும் நெகிழ்ந்தேன். ஆனால் மறுநாள் வெற்றி விழாவின்போது சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். விழாவுக்கு இரண்டு நாள் கழித்துத் தேதி குறித்திருந்தால் எந்தக் கோப்பையும் ஓடிப்போயிருக்காது. வாசல் எத்தனை, வரப்போகிறவர்கள் எத்தனை என்று கணக்குப் போடாமல் ஊரையே அழைத்தது மன்னிக்க முடியாதது. ரசிகன் டிக்கெட் வாங்கும்போது மட்டும் ஆள், மற்ற நேரத்தில் வெறும் கூட்டம் என்று நினைக்கிறார்கள். உங்கள் கோபமும் அங்கேதான் திரும்ப வேண்டும் சார்.

திருவள்ளூர்: சிஎஸ்கே ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சுவை வாங்கியது சரியா?

கணக்குப்படி சரி. 14 ஆட்டத்தில் 4 மட்டும் ஜெயித்து, வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம் பிடித்த அணிக்கு மேல்வரிசையில் அடிக்கும் ஆள் தேவை. ஆனால் 2023 இறுதியில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்தவரை, கூடவே சாம் கரனையும் சேர்த்துக் கொடுத்தது அதிகம். சேப்பாக்கம் அவரை நின்று வழியனுப்பியிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணம்: ஊக்கமருந்து வழக்கில் டென்னிஸ் வீரர் சின்னருக்கு மூன்று மாதத் தடை போதுமா?

வேண்டுமென்றே ஊக்கமருந்து எடுக்கவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் பிப்ரவரியில் தொடங்கி மே 4இல் முடிந்த அந்தத் தடையில் ஒரு கிராண்ட்ஸ்லாம்கூட அவருக்குத் தவறவில்லை. பேசித் தீர்த்துக்கொண்ட தண்டனை இவ்வளவு வசதியாக அமைந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும், அது அவருக்கும் கெடுதல். பாரிஸ் இறுதியில் மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட் கைநழுவி, 5 மணி 29 நிமிடம் ஆடி அல்கராஸிடம் தோற்றவர், ஐந்தே வாரத்தில் விம்பிள்டனில் அவரையே வென்றார். அந்த ஆட்டத்தின் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை.

டல்லாஸ் தமிழர்: எங்கள் கூடைப்பந்து அணி டான்சிச்சை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்ததை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

முடியாதுதான். முந்தைய ஜூனில் இறுதிவரை கூட்டிப்போனவரை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினார்கள். நவம்பரில் ஜெனரல் மேனேஜர் ஹாரிசனின் வேலை போனது. புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் கூப்பர் ஃப்ளாக் கிடைத்தது அதிர்ஷ்டம், திட்டம் இல்லை.

சென்னை, வியாசர்பாடி: எங்க பசங்க காலையில் அஞ்சு மணிக்கே பந்தோடு கிளம்புறாங்க. ஐஎஸ்எல் கால்பந்து லீக் நின்னுபோச்சுன்னா இவங்களுக்கு என்ன வழி?

கூட்டமைப்புக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் 2010இல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடியும் என்பது 2010லேயே தெரியும். ஜூலையில் லீகை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தியது. நவம்பரில் உரிமத்துக்கு டெண்டர் விட்டால் ஒருவரும் கேட்கவில்லை.

பசங்களை நிறுத்தாதீர்கள். மாவட்ட லீகும் சென்னை சீனியர் டிவிஷனும்தான் இப்போதைக்கு அவர்கள் தேர்வாளர்கள் கண்ணில் பட வேண்டிய இடம். படிப்பையும் விட வேண்டாம். ரயில்வே, வருமான வரி, போலீஸ் அணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மார்க்‌ஷீட் கேட்பார்கள்.