கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது: நாடு கடத்தலுக்குத் தடை கேட்கும் முன்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். தம்பி மலேசியர். தம்பி மனைவி தமிழ்நாட்டுக்காரர், பாஸ் (தங்கும் அனுமதி) முடிந்து பல வருடமாகிறது. இங்கேயே பிறந்த இரண்டு பிள்ளைகளோடு அவரை இப்போது தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள். கோர்ட்டில் தடை வாங்கி நாடு கடத்துவதைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கிறார்.

ஐயா, காட்டிக்கொடுத்தது யார், அதிகாரி எப்படிக் கத்தினார், மேனேஜர் ஏன் கைவிட்டார் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் நீதிபதிக்கு அதில் எதுவும் வேண்டாம். அவர் கேட்கப்போவது நீங்கள் எழுதாமல் விட்டதைத்தான்: தம்பி கல்யாணம் பதிவு இலாகாவில் பதிவானதா, மூத்த பிள்ளை பிறக்கும் முன்பா, பின்பா?

1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர் கல்யாணம் பதிவானால்தான் சட்டப்படி செல்லும். பிள்ளைகள் பிறக்கும் முன்பே பதிவாகியிருந்தால், அப்பா குடிமகன், பிறந்தது இங்கே, ஆகவே அவர்கள் குடிமக்கள். அப்போது ஈப்போ உயர் நீதிமன்றத்துக்குத் தைரியமாகப் போகலாம். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதோடு சரி என்றால், பிள்ளைகள் சட்டப்படி அம்மாவின் குடியுரிமையைச் சார்ந்தவர்கள், வழக்கு மிகவும் பலவீனம்.

அம்மாவின் நிலை வேறு. மலேசியரைக் கட்டியதாலேயே இங்கே தங்கும் உரிமை வந்துவிடாது. குடிநுழைவுச் சட்டத்தின் 59ஏ பிரிவு வந்த பிறகு, நடைமுறையில் பிழை இருந்தால் தவிர கோர்ட் உள்ளே வராது.

இனி நான் பயப்படுவதைச் சொல்கிறேன். வழக்குப் போட்டதுமே எல்லாம் நின்றுவிட்டது என்று குடும்பம் நிம்மதியாகத் தூங்கிவிடும். நிற்காது. நீதிபதி தடை உத்தரவு கொடுத்து, அது முகாம் அதிகாரி கைக்குப் போய்ச் சேரும்வரை எந்த நாளும் விமானத்தில் ஏற்றலாம். அதைவிட மோசமானது இன்னொன்று: கோயிலில் பழைய தேதி போட்டு ஒரு கடிதம் வாங்குவது, இல்லையென்றால் பிள்ளையைச் சொந்தக்காரர் பெயரில் பதிந்து சூராட் (பிறப்புச் சான்றிதழ்) எடுத்துத் தருகிறேன் என்கிற ஏஜண்டிடம் காசு கொடுப்பது. இப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தாள் பொய் என்று தெரிந்ததும் உண்மையான தாள்களையும் யாரும் நம்புவதில்லை, பொய்ச் சத்தியத்துக்கு ஏழு வருடம்வரை சிறை, அதில் மாட்டுவது வெளியே இருந்து சம்பாதித்துக்கொண்டிருக்கும் உங்கள் தம்பி. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பதிவு இல்லையென்றால் வெளிப்படையாகச் சொல்கிறேன், அம்மாவுக்காகச் சண்டை போடாதீர்கள். வழக்கு இழுக்க இழுக்கப் பிள்ளைகளும் முகாமுக்குள்ளேயே கிடப்பார்கள். அனுமதி காலத்தைத் தாண்டித் தங்கிய குற்றத்துக்கு அவர்மேல் வழக்குப் போட்டால் அபராதமே 10,000 வெள்ளிக்குக் குறையாது, சிறையும் வரலாம். குடிநுழைவு இலாகாவோடு பேசி, டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுத்து அவரை அனுப்புங்கள். கருப்புப் பட்டியலில் எத்தனை காலம் இருக்கும் என்று அப்போதே எழுத்தில் கேளுங்கள். அப்புறம் கல்யாணத்தை முறையாகப் பதிந்து, மனைவி என்ற பாஸில் திரும்ப அழைக்கலாம். பிள்ளைகளுக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் குடியுரிமை கேட்டுத் தனி மனு போடலாம், அதற்கு வருடக்கணக்கில் ஆகும்.

பிள்ளைகளின் சூராட், தம்பியின் ஐசி (அடையாள அட்டை), பதிவுச் சான்றிதழ் இருந்தால் அது, மூன்றையும் நாளைக் காலையிலேயே ஒரு வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.