வெயில் பட்ட எண்ணெயும் மீன் முட்டையும்

அன்புள்ள ஐயா,

கடலில் கொட்டிய கச்சா எண்ணெய் நாலு நாள் வெயிலில் கிடந்தால் நஞ்செல்லாம் ஆவியாகிவிடும், மீன் முட்டைக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். சரியா? வரிக்குதிரை மீன் முட்டைகளில் சோதித்துப் பார்க்க நினைக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

சரியில்லை. ஆவியாவது பென்சீன், டொலுயீன் போன்ற இலேசானவை. பீனாந்த்ரீன் மாதிரி, மூன்று கார்பன் வளையங்கள் ஒட்டிய சேர்மங்கள் பெரும்பாலும் தங்கிவிடும். கருவின் இதயத்தைத் தாக்குபவை அவைதான். இதயத் தசைச் செல்களில் பொட்டாசியம் கடந்துபோகும் வாயில்களை அடைத்துத் துடிப்பைக் குலைக்கின்றன. இதயத்தைச் சுற்றிய பையில் நீர் கோத்துக்கொள்ளும்.

வெயில் இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. மிதக்கும் எண்ணெயில் ஆக்சிஜனை ஏற்றி, நீரில் எளிதில் கரையும் புதுச் சேர்மங்களை உண்டாக்கும். எண்ணெய் ஏறிய முட்டைக்குள்ளும் புகும். கரு கண்ணாடிபோல் இருப்பதால் புறஊதாக் கதிர் உள்ளே போய்த் திசுவையே சிதைக்கும்.

2007 நவம்பர் 7 அன்று காஸ்கோ பூசான் கப்பல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பாலத் தூணில் மோதி, சுமார் 2 லட்சம் லிட்டர் எண்ணெயைக் கொட்டியது. அது பங்கர் எண்ணெய், அதாவது கப்பல் எரிபொருளான கனத்த எண்ணெய்; கச்சா அல்ல. ஆனாலும் உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. சில மாதங்கள் கழித்து, ஆழத்தில் கூண்டில் வைத்த ஹெர்ரிங் மீன் கருக்களுக்கு இதயக் கோளாறு. வெயில் எட்டும், கடல் ஏறி இறங்கும் கரையோரத்தில் ஒட்டியிருந்தவையோ திசு அழுகிச் செத்துக் கிடந்தன.

சோதனைக்கு வருவோம். வரிக்குதிரை மீன் நன்னீர் மீன், கடல்நீரைத் தாங்காது. முட்டை இடுவதற்கு முன், அதை வளர்க்கப்போகும் நீரிலேயே லிட்டருக்கு 1 கிராம் எண்ணெயை இரண்டு தட்டுகளில் மிதக்கவிட்டு, ஒன்றை வெயிலிலும் ஒப்பிட இன்னொன்றை இருட்டிலும் வையுங்கள். சன்னல் கண்ணாடி புறஊதா-பி கதிரை மறித்துவிடும், அதனால் வெயில் தட்டைக் கண்ணாடியால் மூடாதீர்கள். இருட்டுத் தட்டுக்கு அலுமினியப் படலத்தை இறுக்கி ஒட்டினால் ஆவியாதல் நின்றுவிடும். பிறகு வேறுபாடு வெயிலாலா ஆவியாதலாலா என்று பிரிக்கவே முடியாது. படலத்தைக் கூடாரம்போல் தூக்கிக் கட்டுங்கள். இரண்டு தட்டும் ஒரே நீர்த்தொட்டியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வெயில் தட்டு சூடேறிவிடும்.

எண்ணெய்த் துளி கலக்காமல் ஒவ்வொரு தட்டின் அடிநீரையும் மட்டும் உறிஞ்சி எடுத்து, ஒவ்வொரு முறையும் செறிவு பாதியாகும்படி படிப்படியாக நீர்க்கச்செய்து, கருவுற்று 3 மணி நேரத்துக்குள் முட்டைகளை 26 டிகிரியில் இடுங்கள். 48 மணியில் துடிப்பை எண்ணுங்கள், 72 மணியில் நீர்க்கோவையைப் பாருங்கள்.

வெயில் தட்டு நீரில் வளையச் சேர்மங்களின் அளவு குறைந்துவிட்டதாக ஆய்வக அறிக்கை வரும். நஞ்சு குறைந்ததென்று அதை வாசிக்காதீர்கள். ஆக்சிஜன் ஏறிய சேர்மங்கள் அந்த வழக்கமான கணக்கில் சிக்குவதில்லை.

ஒவ்வொரு நீரிலும் பாதி முட்டைகளை இருட்டிலும் பாதியைப் புறஊதா விளக்கின் கீழும் வளர்த்தால்தான், வெயில் எண்ணெயில் செய்ததும் கருவுக்குள் செய்ததும் தனித்தனியாகத் தெரியும்.