ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சென்னை வியாசர்பாடியில் இருக்கிறோம். மகள் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். நடந்து போகும் தூரத்தில் ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளி, மெயின் ரோட்டைத் தாண்டினால் ஒரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி, பஸ்ஸில் போனால் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்று. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வைத்து ஒப்பிடுவது?
– ஒரு வாசகி

பதில்: பத்தாம் வகுப்பு தேர்ச்சி சதவீதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் அம்மா. நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும், காட்டுவதற்கு அதனிடம் ரிசல்ட்டே கிடையாது, அதனாலேயே நிறையப் பேர் அதை யோசிப்பதுகூட இல்லை. மேல்நிலைப் பள்ளி வாசலில் நூறு சதவீதம் என்று பேனர் இருந்தால் அது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு வைத்து உழைத்ததன் பலன், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுக்குக் கணக்கு எடுக்க ஆள் இருக்கிறாரா என்பதை அந்த பேனர் சொல்லாது.

அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர் வேண்டும், அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி என்று ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒருவர் வேண்டும். தலைமை ஆசிரியரிடம் நேராகவே கேளுங்கள்: ஆறாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கணக்குக்கு பட்டதாரி ஆசிரியர் யார், ஏதாவது பணியிடம் காலியாக இருக்கிறதா? தயங்க வேண்டாம், பெற்றோருக்கு இதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. இதற்குப் பட்டென்று பதில் வந்தாலே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். தேதி வரிசையாகப் போகிறதா, தப்பான கணக்கின் பக்கத்தில் சிவப்பு மையில் சரியான வழியை எழுதியிருக்கிறாரா, இல்லை எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டிக்கா? ஒரு நோட்டு உங்களுக்கு எந்தப் பேனரையும்விட அதிகம் சொல்லும்.

பெண் பிள்ளை என்பதால் கழிப்பறையை அவசியம் பாருங்கள். காலையில் பார்க்காதீர்கள், அப்போது கழுவி விட்டிருப்பார்கள்; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய், குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். வயசுக்கு வரும் பருவத்தில் இது சரியில்லாத பள்ளியில் பிள்ளைகள் மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் லீவு போட்டுவிடுகிறார்கள், பாடம் அங்கேதான் விட்டுப்போகிறது.

உதவிபெறும் பள்ளி பற்றி. நல்ல பள்ளியாகவே இருக்கலாம், ஆனால் மருத்துவம், பொறியியல் படிப்புகளில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். மாநகராட்சிப் பள்ளி இதில் சேரும், உதவிபெறும் பள்ளி சேராது. உங்கள் மகளுக்கு இந்தக் கணக்கு வரும் ஜூனில் தொடங்குகிறது, இப்போது விட்டால் பிறகு பிடிக்க முடியாது. கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் மட்டும் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு.

ஆக, மாநகராட்சிப் பள்ளிகள் இரண்டுக்குள் பாருங்கள் என்பேன். நடுநிலைப் பள்ளியில் கணக்குக்கும் அறிவியலுக்கும் முறையான ஆசிரியர் இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான். பிள்ளைகள் குறைவாக இருந்தால் ஒவ்வொருவரையும் ஆசிரியருக்குப் பேர் சொல்லித் தெரியும், ரோடு தாண்டும் கவலையும் இல்லை. ஒன்றை மட்டும் கேட்டு வையுங்கள்: போன வருடம் எட்டு முடித்த பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு எங்கே போனார்கள்? எல்லாரும் அருகிலுள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் சேர்ந்திருந்தால் சரி. பாதிப் பேர் எங்கே என்றே தெரியாவிட்டால் மேல்நிலைப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு. இப்போது அரசுப் பள்ளிக்கு மாற்றினால் 7.5 சதவீதம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டு வரை இலவசமாகப் படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு; உங்கள் மகன் அப்படிச் சேர்ந்தவரா என்று பாருங்கள். எப்படியானாலும், எட்டாம் வகுப்பை அரசுப் பள்ளியில் படித்தால் மத்திய அரசு உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதலாம், குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை.